கிரீஸ் உதட்டில் மட்டும்

காரங்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பு. அங்கே புறப்படத் தயாராக நின்ற ஒரு காருக்கு முன்னால் போய் இரண்டு கைகளையும் விரித்து நின்றேன். பின் சீட்டில் இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பேர். அத்தனை பேருக்கு நடுவில் நான் வாயைத் திறந்தது, என் இருபத்திரண்டு வருட வேலையில் அதுதான் முதல் தடவை. அதற்கு மூன்று நாள் முன்னால் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடித்திருந்தால், அங்கே அப்படி நின்றிருக்க வேண்டியதில்லை. வீல் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன்.

1. படகு மாதிரி ஒரு கார்

ராமநாதபுரத்தில் ஒரு டயர் கடையில் வீல் அலைன்மென்ட்டும் பேலன்சிங்கும் பார்க்கிறேன். முதுகுளத்தூர்ப் பக்கம் சொந்த ஊர். மானாவாரி விவசாயக் குடும்பம். பத்தாவது வரை படித்தேன். எனக்கு ஆட்களிடம் பேச வராது. எங்கள் முதலாளி மாரிமுத்து அண்ணன் வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவார்: "பூமிநாதன்கிட்ட வேலை வாங்கிரலாம். வார்த்தை வாங்கணும்னா ஜாக்கி போட்டுத்தான் தூக்கணும்."

ஒரு திங்கட்கிழமை காலை, குட்டியானை என்று எல்லோரும் சொல்கிற சின்ன சரக்கு வண்டியின் முதுகில் ஒரு கார் வந்து இறங்கியது. கூரை கிடையாது, கதவு கிடையாது. முன்பக்கம் படகின் முன்முனையான அணியம் மாதிரி கூர்மையாக நீண்டிருந்தது. கூடவே இறங்கியவர் நஜீம் பாய், திருப்பாலைக்குடிக்காரர். பைபர் படகு செய்கிறவர்.

"என்ன பாய், இது தண்ணியில போறதா, தரையில போறதா?" என்று மாரிமுத்து அண்ணன் கேட்டார்.

"எதுல போகுதுன்னு நீங்கதான் சொல்லணும். இப்போதைக்கு குட்டியானையிலதான் போகுது."

அது கிட் கார். கோயம்புத்தூரிலிருந்து இரும்புச் சட்டமும் அதற்கான பாகங்களும் வரைபடமும் பெட்டி பெட்டியாக வரும். என்ஜினையும் சக்கரம் மாட்டுகிற ஹப்பையும் பழைய சின்னக் கார் ஒன்றிலிருந்து எடுத்துப் பூட்ட வேண்டும். மேல் கூடு முழுவதையும் நஜீம் பாய் தன் படகுக் கொட்டகையிலேயே பைபரில் செய்திருந்தார். நம்பர் கிடையாது என்பதால் ரோட்டில் ஓட்ட முடியாது. காரங்காட்டுப் பக்கம் தென்னந்தோப்புக்குள் குடில் கட்டி வாடகைக்கு விடுகிற முத்துவேல் என்பவர், வந்து தங்குகிறவர்களைத் தோப்புக்குள் சுற்றிக் காட்ட இப்படி ஒரு வண்டி வேண்டும் என்று கேட்டிருந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஓட்டிக் காட்ட வேண்டும். பிடித்திருந்தால் இதை எடுத்துக்கொண்டு, இன்னொன்றும் செய்யச் சொல்வதாகப் பேச்சு.

"இது நடக்கலேன்னா திரும்பவும் சவுதிதான்" என்றார் நஜீம் பாய். ஒன்பது வருடம் அங்கே தண்ணீர்த் தொட்டி செய்கிற கம்பெனியில் இருந்துவிட்டு வந்தவர். அவருடைய மச்சான் அங்கே ஒரு விசாவுக்குச் சொல்லி வைத்திருந்தார். அடுத்த வாரம் புதன்கிழமைக்குள் வருகிறேனா இல்லையா என்று சொல்ல வேண்டும். "எம் மகளுக்கு நாலு வயசு. அதுல ரெண்டு வருசம் போன்லதான் பாத்திருக்கேன்" என்று சாதாரணமாகச் சொன்னார். சொல்லும்போது வண்டியின் அணியத்தில் இருந்த ஒரு தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

2. எவ்வளவு தள்ளுவது

பிரச்சினை பின் சக்கரத்தில். மணலில் போக வேண்டுமே என்று அவர் அகலமான வீலும் டயரும் வாங்கியிருந்தார். மாட்டினால் டயரின் உள்பக்கம் ஷாக் அப்சார்பரில் உரசியது. வீலை வெளியே தள்ள வேண்டும். அதற்காக ஹப்புக்கும் வீலுக்கும் நடுவில் வைக்கிற கனமான வட்டத் துண்டுதான் ஸ்பேசர்.

"மூணு வெரக்கடை தள்ளி விடுங்கண்ணே. அகலமா நின்னாத்தான் பாக்க எடுப்பா இருக்கும்" என்றார் நஜீம் பாய். விரற்கடை என்பது படகுக்காரர்களின் கணக்கு, விரலின் அகலம். எங்கள் கடையில் நூல் கணக்கு, எட்டு நூல் ஒரு இன்ச். ஸ்பேசர் விற்கிறவர்களோ மில்லிமீட்டரில் பேசுவார்கள். மூன்றையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க ஒரே வழி அளந்து பார்ப்பதுதான்.

ஹப் போல்ட்டுகளில் வாஷரை ஒவ்வொன்றாக அடுக்கி, வீலை வைத்துப் பார்த்தேன். பின் சீட்டில் இரண்டு பேரை உட்கார வைத்து, வண்டி அமுங்கும்போது டயருக்கும் ஷாக்குக்கும் நடுவில் ஒரு விரல் தாராளமாக நுழைகிற வரை வாஷரைக் கூட்டினேன். பிறகு வாஷர் அடுக்கை வெர்னியர் அளவுகோலில் அளந்தேன். பதினெட்டு மில்லி. தேவைக்கு மேல் தள்ளக் கூடாது. வீல் வெளியே போகப் போக பேரிங்கின் மேல் பாரம் கூடும். மூன்று விரற்கடை என்பது ஐம்பது மில்லிக்குப் பக்கத்தில் வரும். அதை நான் மாரிமுத்து அண்ணனிடம் சொன்னேன், அவர் நஜீம் பாயிடம் சொன்னார். அப்போதெல்லாம் என் வேலை அப்படித்தான் நடந்தது.

ஸ்பேசரில் இரண்டு வகை. ஒன்று வெறும் தகடு. அதை இடையில் வைத்து, இருக்கிற போல்ட்டிலேயே வீலை முறுக்க வேண்டும். இது மெல்லிசான அளவுக்குத்தான் சரிவரும். தகடு தடித்தால் போல்ட்டில் நட்டு ஏற மரை மிஞ்சாது. இந்த அளவு போல்ட்டுக்குக் குறைந்தது பத்துச் சுற்றாவது நட்டு ஏற வேண்டும்.

"பத்து மில்லி தகடு போட்டுக்கிட்டு, டயரைக் கொஞ்சம் சின்னதா மாத்துனா? நாலு மரை புடிக்குமுல்ல?" என்றார் நஜீம் பாய்.

"நாலு மரையில வண்டிய அனுப்புனா, எங்களுக்குத்தான் மரை கழண்டிருச்சும்பாங்க" என்றார் மாரிமுத்து அண்ணன்.

இன்னொரு வகைக்குத் தனியாக போல்ட் உண்டு. ஸ்பேசரை ஹப்பில் நாலு நட்டு போட்டு முறுக்கி, அதன் மேல் இருக்கும் வேறு நாலு போல்ட்டில் வீலை மாட்ட வேண்டும். இதுதான் வேண்டும் என்று முடிவு செய்தோம். இருபது மில்லி போதும். ஆனால் ஹப் போல்ட்டின் நுனி மூன்று மில்லி வெளியே நீட்டிக்கொண்டு வீலை இடிக்கும். போல்ட்டை அறுக்க எனக்கு மனம் வராது. ஆகவே இருபத்தைந்து. நடு ஓட்டை ஹப்பில் ஆடாமல் சரியாக உட்கார வேண்டும் என்பதால், ஹப்பின் நடு அளவையும் எடுத்து மதுரைக்குச் சொல்லிவிட்டோம். நாங்கள் கேட்டது உருக்கி வார்க்காமல், கட்டி அலுமினியத்தில் கடைந்தது. கனம் பார்த்து வாங்குகிறவர்கள் இதையும் கேட்டு வாங்க வேண்டும்.

3. வியாழக்கிழமை

ஸ்பேசர் வியாழக்கிழமை வந்தது. ஹப்பை ஒயர் பிரஷ் போட்டுத் துருவில்லாமல் தேய்த்தேன். ஹப்பின் நடுவில் வளையமாக எழும்பி நிற்பதை உதடு என்போம். ஸ்பேசர் அதில்தான் உட்காரும். சுற்றியுள்ள தட்டையான பரப்பு முகம். உதட்டில் மட்டும் ஒரு பொட்டு கிரீஸ் தடவினேன். முகத்தைத் துணியால் துடைத்து, வெறும் உலோகமாக விட்டேன். நட்டுகளை எதிரெதிராக முறுக்கி, டார்க் ரெஞ்ச்சில் அளவு வைத்து, க்ளிக் சத்தம் கேட்கும் வரை இறுக்கினேன்.

முகத்தில் எதுவும் இருக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இது. வீலைப் பிடித்து வைத்திருப்பது ஹப், ஸ்பேசர் இரண்டின் முகமும் ஒன்றை ஒன்று இறுக அழுத்தும் அந்த அழுத்தம்தான். நடுவில் பெயிண்டோ வேறு எதுவோ இருந்தால் ஓடும்போது அது நசுங்கும், உதிரும். அது போன அளவுக்கு நட்டின் இறுக்கமும் போய்விடும்.

வண்டியை ஒப்படைக்கும்போது மாரிமுத்து அண்ணன் போனில் இருந்தார். எனவே நானே சொல்ல வேண்டியதாயிற்று.

"பாய், கடக்கரையில அலுமினியமும் இரும்பும் ஒண்ணா இருந்தா உப்புல ஒட்டிக்கிடும். பெறகு சுத்தியல் போட்டாத்தான் கழலும். அதுக்குத் தடவணும்..."

நஜீம் பாய் சிரித்தார். "உப்பைப் பத்தி எங்களுக்கே சொல்றியளா அண்ணே? பொறந்ததுலேருந்து அது கூடத்தானே மல்லுக்கட்டுறோம். அத நான் பாத்துக்கிர்றேன்."

என் வாக்கியத்தில் இன்னும் பாதி இருந்தது. உதட்டில் மட்டும் தடவணும், அதை நானே தடவிவிட்டேன், முகத்தில் எதுவும் கூடாது, நீங்கள் கழற்றவே வேண்டாம். அவர் சிரித்ததும் எனக்குக் கூச்சமாகிவிட்டது. தலையை ஆட்டிவிட்டு ரெஞ்ச்சைத் துடைக்கப் போய்விட்டேன்.

4. வெள்ளைக் கோடு

ஞாயிற்றுக்கிழமை மாரிமுத்து அண்ணனுக்கு ஒரு கல்யாணம். "ஏலே பூமி, நீ போய் நில்லு. சும்மா நின்னாப் போதும். பிரியாணி உண்டாம்" என்று என்னை அனுப்பினார்.

நான் போய்ச் சேர்ந்தபோது வண்டி தோப்பின் நடுவில் பளபளவென்று நின்றது. முத்துவேல் வேட்டி சட்டையில் வந்திருந்தார். கடற்கரை தாண்டி உள்ளே வயல் வைத்திருக்கும் பெரிய சம்சாரி, அதாவது விவசாயி. மருமகளும் இரண்டு பேரப் பிள்ளைகளும் கூட வந்திருந்தார்கள். நான் வழக்கம்போலப் பின் சக்கரத்தின் பக்கம் போய் நின்றேன். ஹப்புக்கும் ஸ்பேசருக்கும் நடுவில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று தெரிந்தது. ஸ்பேசருக்கும் வீலுக்கும் நடுவில் இன்னொன்று. வியாழக்கிழமை அந்தக் கோடு இல்லை.

"பாய், இது என்ன வெள்ளையா?"

"ஜெல்கோட்டுண்ணே. நீங்க சொன்னிய இல்ல, தடவணும்னு? வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிஞ்சு வந்து கழட்டி, ரெண்டு பக்கமும் ரெண்டு கோட்டு அடிச்சிட்டேன். நேத்து காஞ்சதும் மாட்டியாச்சு. இனி உப்பு எட்டிக்கூடப் பாக்காது."

ஜெல்கோட் என்பது பைபர் படகுக்கு வெளிப்பூச்சாக அடிக்கிற பிசின். காய்ந்தால் பீங்கான் மாதிரி கடினமாக இருக்கும். அழுத்தினால் பீங்கான் மாதிரியே நொறுங்கும். கடலோரத்தில் எந்த உலோகத்தைப் பார்த்தாலும் எதையாவது பூசிவிடுவது அவர்கள் பழக்கம். அவர்கள் தொழிலில் அது சரி. தடவணும் என்று சொன்னதும் அவருக்கு அதுதான் தோன்றியிருக்கிறது.

ஆட்கள் அதிகம். முத்துவேலும் பக்கத்திலேயே நின்றார். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று நினைப்பதற்குள் நஜீம் பாய் ஏறி உட்கார்ந்து முதல் சுற்றுக்குக் கிளம்பிவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். திரும்பி வந்து வளைக்கும்போது பின் பக்கத்தில் 'கிட் கிட்' என்று சின்னச் சத்தம். வேறு யாருக்கும் கேட்டிருக்காது. வண்டி நின்றதும் நஜீம் பாயின் பெட்டியிலிருந்து வீல் ஸ்பேனரை எடுத்து, இடது பின் வீலில் ஒரு நட்டில் வைத்துப் பார்த்தேன். பெரிதாக அழுத்தாமலே கால் சுற்றுத் திரும்பியது.

நிமிர்ந்தபோது பிள்ளைகள் ஏறிவிட்டார்கள். "தாத்தா, நாங்க ரெடி" என்று பெண் பிள்ளை கத்தியது. நஜீம் பாய் கியரைப் போட்டார். அப்போதுதான் நான் ஓடிப்போய் முன்னால் நின்றேன்.

"ஓட்டக் கூடாது" என்றேன். பாதிதான் வெளியே வந்தது.

"என்னப்பா சொல்றே? சத்தமாச் சொல்லு" என்றார் முத்துவேல்.

"பின் வீல் கழலும். பிள்ளைகள எறக்குங்க."

மருமகள் ஓடிவந்து பிள்ளைகளை இழுத்துக்கொண்டார். நஜீம் பாய் முகம் சுண்டிப் போயிற்று. "அண்ணே, என்ன இது இத்தனை பேருக்கு முன்னால? நீங்கதானே தடவணும்னு சொன்னிய?"

"தடவணும்னு சொன்னேன் பாய். எங்கன தடவணும்னு சொல்லல. தப்பு என்னோடது."

வீலைக் கழற்றினோம். உள்ளே ஸ்பேசரைப் பிடித்திருந்த நாலு நட்டில் இரண்டு விரலாலேயே சுற்ற வந்தது. ஸ்பேசரை இழுத்ததும் வெள்ளைத் தூள் மணலில் கொட்டியது. முத்துவேல் அந்தத் தூளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்காட்சி நல்லாத்தான் இருந்துச்சு. சாப்பிட்டுப் போங்க. மத்ததச் சொல்லி அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டுக் குடிலுக்குள் போய்விட்டார்.

பிரியாணியை நாங்கள் தொடவில்லை. வண்டியைக் குட்டியானையில் ஏற்றி ராமநாதபுரத்துக்கு வரும் வழியில் நஜீம் பாய் ஒரே ஒரு தடவைதான் பேசினார். "மச்சானுக்கு வாரேன்னு சொல்லிர வேண்டியதுதான்." அவர் என்னைத் திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

5. அறுபத்தேழு குரும்பை

திங்கட்கிழமை கடையில் பூச்சை எடுத்தோம். அலுமினியத்தில் அது சரியாகப் பிடிக்காது என்பதால் பெரும்பாலும் பாளம் பாளமாக உரிந்து வந்தது. மிச்சத்தை மரக்கட்டையால் சுரண்டினேன். உளி வைத்தால் முகத்தில் கீறல் விழும். கண்ணாடிப் பலகையில் உப்புத்தாளைப் பரப்பி, ஸ்பேசரை அதன் மேல் தேய்த்துச் சமமாக்கினேன். போல்ட் மரைகளையும் பார்த்தேன், கெடவில்லை. மறுபடி மாட்டினோம். இந்தத் தடவை ஒவ்வொன்றையும் நஜீம் பாயிடம் வாயால் சொல்லிக்கொண்டே செய்தேன். மாரிமுத்து அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

மத்தியானம் நஜீம் பாய்க்கு போன் வந்தது. முத்துவேல். "அந்த நிறுத்துன ஆளு இருக்காரா? அவருகிட்ட குடுங்க" என்றாராம். ஸ்பீக்கரில் போட்டு என் முன்னால் நீட்டினார்.

"ஏம்ப்பா, எம் பேரப் பிள்ளைய உக்காந்திருந்த வண்டி. ராத்திரியெல்லாம் ரோசனை பண்ணிப் பாத்தேன். இத்தனை பேரு இருந்தும் நீ ஒருத்தன்தான் பாத்திருக்கே. இப்ப வண்டி சரியாயிருச்சா? நீ சரின்னு சொன்னா நாளைக்கே வாரேன்."

மாரிமுத்து அண்ணன் தலையை வேகமாக ஆட்டினார், சொல்லு என்று. நஜீம் பாய் கண்ணை எடுக்காமல் என்னைப் பார்த்தார். புதன்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

"இப்பச் சொல்ல முடியாதுங்கய்யா" என்றேன். "அம்பது கிலோமீட்டர் ஓட்டணும். அப்புறம் வீலைக் கழட்டி, உள் நட்டு நகந்திருக்கான்னு பாக்கணும். நகரலேன்னாத்தான் சரின்னு சொல்வேன்."

மாரிமுத்து அண்ணன் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார்.

"ரோட்டுல ஓட்ட முடியாதுல்ல? எந் தோப்புலயே வந்து ஓட்டு" என்றார் முத்துவேல்.

செவ்வாய்க்கிழமை காலையிலேயே போய்விட்டோம். தோப்பைச் சுற்றி வரும் பாதை முக்கால் கிலோமீட்டர். அறுபத்தேழு சுற்று வேண்டும். வண்டியில் தூரம் காட்டும் மீட்டர் இல்லாததால், காவல்காரர் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, கீழே விழுந்து கிடந்த தென்னங்குரும்பைகளைச் சுற்றுக்கு ஒன்றாக அடுக்கினார். நஜீம் பாய் ஓட்டினார். பாரத்துக்காகப் பின் சீட்டில் நானும் இரண்டு மணல் மூட்டைகளும்.

"கோயிலக்கூட இத்தனை சுத்து சுத்தி நான் பாத்ததில்ல. என்ன வேண்டுதலோ" என்று காவல்காரர் ஒவ்வொரு பத்துச் சுற்றுக்கும் சொன்னார்.

நாற்பதாவது சுற்று வாக்கில் நஜீம் பாய் திரும்பாமலே கேட்டார்: "நேத்தே சரின்னு சொல்லியிருக்கலாமுல்லண்ணே? மாட்டுனது நீங்கதானே."

"வியாழக்கிழமை மாட்டுனதும் நான்தான் பாய்."

அவர் அடுத்த சுற்றுக்கு வண்டியை வளைத்தார்.

முடிந்ததும் முத்துவேல் வந்து ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். வீல் சூடு ஆறட்டும் என்று காத்திருந்து, டார்க் ரெஞ்ச்சை எடுத்தேன். முதலில் வெளி நட்டுகள். பிறகு வீலைக் கழற்றி, உள் நட்டுகள். இரண்டு பக்கமும் சேர்த்துப் பதினாறு. ஒவ்வொன்றிலும் நட்டு இம்மி நகராமல் க்ளிக் என்றது. நஜீம் பாய் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார். பதினாறாவதுக்கு "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

"என்னப்பா?" என்றார் முத்துவேல்.

"சரிங்கய்யா" என்றேன். இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்டது.

பிள்ளைகள் அன்று சாயங்காலம் மூன்று சுற்றுப் போனார்கள். முத்துவேல் அந்த வண்டியை எடுத்துக்கொண்டார். அடுத்தது பற்றி மழைக்காலம் போகட்டும் என்று சொன்னார். புதன்கிழமை காலை நஜீம் பாய் எங்கள் கடைக்கு வந்து, எங்கள் முன்னாலேயே சவுதிக்கு போன் போட்டு, "மச்சான், இப்ப இல்ல. அந்த விசாவ வேற ஆளுக்குக் குடுத்துருங்க" என்றார். அந்தப் பக்கம் கோபமாகப் பேசியது எங்களுக்கே கேட்டது. அவர் சிரித்துக்கொண்டே காதிலிருந்து போனைத் தள்ளிப் பிடித்தார்.

இப்போது வண்டியை ஒப்படைக்கும்போது என்ன செய்யணும், எங்கே செய்யணும், எதைச் செய்யக் கூடாது என்று மூன்றையும் சொல்கிறேன். கேட்கிறவர் சிரித்தாலும் முடிக்கிற வரை சொல்கிறேன். பிறகு அவரையே ஒரு தடவை திருப்பிச் சொல்லச் சொல்கிறேன். மாரிமுத்து அண்ணன் வருகிறவர்களிடம் இப்போது, "ஜாக்கிய எறக்கத்தான் மாட்டேங்கிறான்" என்கிறார்.

மழைக்காலம் முடிந்து இரண்டாவது வண்டி வந்தது. ஸ்பேசர் பெட்டியை நஜீம் பாயே கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். திறந்து பார்த்தேன். நாலு முகத்திலும் தடித்த மார்க்கர் பேனாவால் பெரிய எழுத்தில், "இங்கன தடவக் கூடாது" என்று எழுதியிருந்தார். நான் தின்னரைத் துணியில் நனைத்து, முதல் வேலையாக அந்த எழுத்தை அழித்தேன்.

"ஏன் அண்ணே?" என்றார்.

ஏன் என்று முழுதாகச் சொன்னேன்.